எக்கோவை எந்த நாளில் எடுப்பது?

அன்புள்ள கயல்விழிக்கு,

"கெட்டுப்போனது சிறுநீரகம், எக்கோ எதற்குப் பெரியப்பா?" என்று, இதயத்தை ஒலியலைகளால் படமெடுக்கும் அந்தச் சோதனையைப் பற்றிக் கேட்டிருந்தாய். டயாலிசிஸ் டெக்னீஷியன் ஆகப்போகிறவள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

1960 மார்ச்சில் சியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், கிளைட் ஷீல்ட்ஸ் என்பவருக்குத் தொடர் டயாலிசிஸைத் தொடங்கினார். பிழைக்க வழியில்லாதிருந்த ஷீல்ட்ஸ் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தார். கடைசியில் இதயநோயால் இறந்தார். இன்றும் டயாலிசிஸில் இருப்பவர்களின் உயிரை அதிகம் பறிப்பது இதயநோயே.

காரணம் பல. வெளியேறாத உப்பும் நீரும் இரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன. இரத்தசோகையும், டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைக்கும் ஃபிஸ்டுலாவும் இதயத்துக்கு வேலையைக் கூட்டுகின்றன. பாரம் தூக்கும் கையைப் போல இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. ஆனால் அந்தத் தடிப்பு பலம் தராது, விறைப்பைத்தான் தரும். பாஸ்பரஸ் மிகும்போது வால்வுகளில் கால்சியம் படிகிறது. எக்கோ திரையில் அது பளிச்சென்று வெண்மையாகத் தெரியும்.

நோயாளியின் வீட்டார் "பம்பிங் எவ்வளவு?" என்று மட்டும் கேட்பார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையின் இரத்தத்தில் 60 சதவீதம் வெளியேறுகிறது என்றால் நிம்மதியாகிவிடுவார்கள். நீ சுவரின் தடிமனையும் பார். சுமார் 10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டியது 14 ஆகியிருந்தால், பம்பிங் நன்றாக இருந்தாலும் ஆபத்து உண்டு.

எடுக்கும் நாளும் முக்கியம். டயாலிசிஸுக்கு முன் உடலில் இரண்டு மூன்று கிலோ நீர் கூடுதலாக இருக்கும். அறைகள் விரிந்து தெரியும். முடிந்த கையோடு எடுத்தாலும் அளவுகள் மாறும். அதனால் கூடுதல் நீர் நீங்கிய எடையான டிரை வெயிட்டை எட்டியபின், டயாலிசிஸ் இல்லாத நாளில் எடுப்பதே சரி. டயாலிசிஸ் தொடங்கிய 1 முதல் 3 மாதங்களுக்குள் ஒன்று, பிறகு 3 ஆண்டுக்கு ஒருமுறை என்று அமெரிக்க தேசியச் சிறுநீரக அறக்கட்டளை 2005இல் பரிந்துரைத்தது. மூச்சுத்திணறலோ, டயாலிசிஸின்போது அடிக்கடி பிரஷர் இறங்குவதோ இருந்தால் அதுவரை காத்திருக்கக் கூடாது.

அறிக்கையை ஃபைலில் வைப்பதோடு வேலை முடியாது. சுவர் தடித்திருப்பதாக அதில் இருந்தால், டயாலிசிஸில் நீரை இழுக்கும் வேகத்தைக் கவனி. வேகமாக இழுத்தால் இதயத் தசைக்கு இரத்தம் போதாமல் போகும். மணிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 13 மில்லிலிட்டரைத் தாண்ட வேண்டாம் என்பார்கள். 60 கிலோ எடையுள்ளவரிடம் 3 லிட்டரை 4 மணி நேரத்தில் எடுத்தால் கணக்கு 12.5. அரை மணி முன்னதாக நிறுத்திவிட்டு அதே அளவை எடுத்தால் 14ஐத் தாண்டும்.

"சீக்கிரம் முடிச்சு விடும்மா" என்று நோயாளிகள் கெஞ்சுவார்கள். அப்போது இந்தக் கணக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல். உப்பைக் குறைத்தால் தாகம் குறையும், நீர் ஏற்றமும் குறையும் என்பதையும் சேர்த்துச் சொல். வாரம் மூன்று முறை அவர்களைப் பார்க்கிறவள் நீ. மருத்துவரைவிட உன் சொல்தான் அவர்கள் காதில் அதிகம் விழும்.

அன்புடன்,
பெரியப்பா