தேக்காவில் எடுத்த 240 படங்கள்: கோப்பு விவரங்களை எக்செலுக்குக் கொண்டுவருவோம்

மாணவர்களே, ஓர் அறிவியல் செயல்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். சிராங்கூன் சாலைக் கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி நடைபாதையைப் பார்த்திருப்பீர்கள். கடைகளின் முன்னால் கூரையுள்ள நடைபாதை வேண்டும் என்பது 1822ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே உண்டு. அந்த நிழலிலும் அதற்கு வெளியே சாலையோரத்திலும் வெப்பநிலை எவ்வளவு வேறுபடுகிறது? நால்வர் கொண்ட குழு தேக்கா நிலையத்திலிருந்து, இந்திய மரபுடைமை நிலையம் இருக்கும் கேம்பல் லேன் வரை நடந்து, ஒவ்வோர் இடத்திலும் வெப்பமானியைத் திறன்பேசியால் படம் எடுக்கிறது. (வெயிலில் அளக்கும்போது வெப்பமானியின் குமிழுக்கு ஓர் அட்டையால் நிழல் கொடுங்கள். இல்லாவிட்டால் அது காற்றின் வெப்பநிலையைக் காட்டாது. வெயிலில் சூடேறிய தன் வெப்பநிலையைத்தான் காட்டும்.)

மாலையில் ஒரே கோப்புறையில் 240 படங்கள். எந்தப் படம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்று தெரியாவிட்டால், உங்கள் வரைபடத்தின் கிடை அச்சில் எழுத எதுவுமே இல்லை. 240 பெயர்களையும் நேரங்களையும் கையால் தட்டச்சு செய்ய வேண்டாம். எக்செலே அதைச் செய்யும்.

விண்டோஸ் கணினியில் நிறுவப்பட்ட எக்செல் தேவை. இணையத்தில் இயங்கும் எக்செலில் இந்த வசதி இல்லை; குரோம்புக் அல்லது ஐபேட் வைத்திருப்பவர்கள் பள்ளிக் கணினிக்கூடத்தில் செய்யலாம். புதிய தாளைத் திறந்து, மேலே 'டேட்டா' பகுதியில் 'கெட் டேட்டா', அதில் 'ஃப்ரம் ஃபைல்', அதில் 'ஃப்ரம் ஃபோல்டர்' என்று செல்லுங்கள். கோப்புறையைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு பட்டியல் தோன்றும். உள்கோப்புறைகளில் உள்ளவையும் அதில் சேர்ந்தே வரும். 'கம்பைன்' என்ற பொத்தானைத் தொடாதீர்கள். அது கோப்புகளின் உள்ளடக்கத்தை ஒன்றுசேர்ப்பதற்கானது. 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' என்பதை அழுத்துங்கள். 'கன்டென்ட்' பத்தியை நீக்கிவிடலாம். 'அட்ரிபியூட்ஸ்' பத்தியின் தலைப்பில் இரண்டு அம்புகள் கொண்ட சிறு படம் இருக்கும். அதைச் சொடுக்கி, 'சைஸ்' என்பதை மட்டும் குறியிடுங்கள். கோப்பின் அளவு பைட் கணக்கில் வரும். பிறகு 'க்ளோஸ் அண்ட் லோட்'. அவ்வளவுதான், பெயர், வகை, தேதிகள், அளவு, இருக்குமிடம் எல்லாம் தாளில் இறங்கிவிடும்.

இனிதான் சுவாரசியம். பட்டியலில் மூன்று தேதிகள் இருக்கும்: உருவான தேதி, மாற்றப்பட்ட தேதி, கடைசியாகத் திறக்கப்பட்ட தேதி. மூன்றாவதை மறந்துவிடுங்கள், அது நம் வேலைக்கு ஆகாது. மற்ற இரண்டையும் பார்த்தால் ஒரு விந்தை தெரியும். பல கோப்புகள் 'உருவாவதற்கு' முன்பே 'மாற்றப்பட்டிருக்கும்'! ஒரு படத்தைக் காலை 10.42க்கு எடுத்து, மாலை 5.15க்குக் கம்பிவழி கணினிக்கு நகலெடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கணினியின் வட்டில் அந்தக் கோப்பு பிறந்தது 5.15க்கு, எனவே அதுவே உருவான தேதி. ஆனால் உள்ளடக்கம் மாறவில்லை என்பதால், மாற்றப்பட்ட நேரம் பொதுவாக 10.42 என்றே இருக்கும். ஆகவே நமக்கு உதவுவது மாற்றப்பட்ட தேதிதான். கணினியில் படத்தைத் திருப்பியோ வெட்டியோ சேமித்தால் அதுவும் போய்விடும்.

வாட்ஸ்அப் வழியாக நண்பர் அனுப்பிய படங்களில் சிக்கல் பெரிது. அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. படத்துக்குள் பதிவாகியிருந்த எடுத்த நேரமும் நீங்கிவிடுகிறது. கணினியில் தெரிவது நீங்கள் பதிவிறக்கிய நேரம். இத்தகைய படங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? அளவுப் பத்தியைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். மற்றவை 3 மில்லியன் பைட் அளவில் இருக்க, சில மட்டும் சில லட்சம் பைட்டில் இருந்தால் அவற்றைச் சந்தேகியுங்கள். அவற்றைப் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள். அப்போது எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே வந்துசேரும். விண்டோஸ் கோப்புறையில் 'டேட் டேக்கன்' பத்தியைச் சேர்த்தால் அது தெரியும்.

பெயரிலும் துப்பு உண்டு. பல ஆண்ட்ராய்டு பேசிகள் 20240817_143205 என்பது போல் பெயரிடும். பத்தாவது எழுத்திலிருந்து ஆறு எழுத்துகளை எக்செலின் 'மிட்' சூத்திரத்தால் வெட்டியெடுத்தால் 14 மணி 32 நிமிடம் 5 விநாடி கிடைத்துவிடும். கூகல் பிக்சல் பேசியில் மட்டும் கவனம்: அது பெயரில் உலகப் பொதுநேரத்தை எழுதுகிறது. சிங்கப்பூர் நேரத்துக்கு 8 மணி கூட்ட வேண்டும்.

பெயருக்குள்ளேயே எல்லா விவரத்தையும் திணிக்க முயலாதீர்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் திரட்டும் 'நூலகம்' மின்னூலகம் 2005இல் தொடங்கியது. அங்கே ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு போன்றவை அதற்குரிய விவரப் பட்டியலில் இருக்கும். நீங்களும் இடம், நிழலா வெயிலா, வெப்பநிலை என்று தனித்தனிப் பத்திகளைப் பக்கத்தில் சேருங்கள்.

அடுத்தது சரிபார்ப்பு. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 கொவிட்-19 தொற்றுச் சம்பவங்கள் அன்றாடக் கணக்கில் விடுபட்டிருந்தது தெரியவந்தது. பழைய எக்செல் கோப்பு வகையில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லாததே காரணம். அவர்களுடன் தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. இன்றைய எக்செல் 1,048,576 வரிசைகளைத் தாங்கும். 240 படங்களுக்கு அந்தப் பயமில்லை. ஆனாலும் கோப்புறையை வலது சொடுக்கி 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்கள். அங்குள்ள கோப்பு எண்ணிக்கையும் உங்கள் வரிசைகளும், அங்குள்ள 'சைஸ்' பைட்டும் உங்கள் அளவுப் பத்தியின் கூட்டுத்தொகையும் பொருந்த வேண்டும். அதன் கீழே வரும் 'சைஸ் ஆன் டிஸ்க்' வேறு எண், அதை ஒப்பிடாதீர்கள்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால், பட்டியலைச் சாதாரண சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்காதீர்கள். தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். அந்தக் கோப்பிலிருந்து அவற்றை மீட்க முடியாது. 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை மீண்டும் தேக்காவுக்குப் போய் இன்னும் 60 படங்கள் எடுத்தால், அவற்றை அதே கோப்புறையில் போட்டு 'ரெஃப்ரெஷ் ஆல்' அழுத்தினால் போதும், புதியவையும் வந்துவிடும். ஆனால் நீங்கள் கையால் எழுதிய வெப்பநிலைகள் அப்போது வேறு படத்துக்கு நேராக நகர்ந்துவிடலாம். அதனால் ரெஃப்ரெஷ் செய்வதற்கு முன், முதல் வாரப் பட்டியலை இன்னொரு தாளில் மதிப்புகளாக ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.