தேதி சொன்னால் கிழமை சொல்லும் பிள்ளை

கேள்வி: என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் இருக்கிறது. பேச்சு மிகக் குறைவு. பசித்தால்கூடக் கேட்கத் தெரியாது. ஆனால் எந்தத் தேதியைச் சொன்னாலும் சட்டென்று கிழமையைச் சொல்லிவிடுகிறான். டாக்டர் இவனை ‘சவான்ட்’ என்றார். மேதை என்று அர்த்தமா? வீட்டுக்கு யார் வந்தாலும் அவனைத் தேதி கேட்டுச் சொல்லவைக்கிறார்கள். இது சரியா?

பதில்: மேதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல்லுக்கு அறிஞர் என்பதுதான் பழைய பொருள். 1798இல் நெப்போலியன் எகிப்துக்குப் படையோடு கூட்டிப்போன விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் சவான்ட் என்றே அழைத்தார்கள். மருத்துவத்தில் இதற்கு வேறு பொருள். 1887இல் லண்டன் மருத்துவர் லாங்டன் டவுன், அறிவு வளர்ச்சி குன்றியவர்களில் சிலருக்கு இருந்த வியப்பான திறமைகளைப் பற்றிப் பேசியபோது, இச்சொல்லுக்கு முன்னால் முட்டாள் என்று பொருள்படும் சொல்லையும் சேர்த்தார். அந்த இழிசொல் பின்னாளில் கைவிடப்பட்டது. அது போனதே நல்லது. இன்று சவான்ட் சின்ட்ரோம் என்கிறோம். வளர்ச்சிக் குறைபாடோ மூளைப் பாதிப்போ உள்ள ஒருவரிடம் ஏதோ ஒரு திறமை மட்டும் அபாரமாக இருப்பதே அது. பெரும்பாலும் நாள்காட்டி, இசை, ஓவியம், கணக்கு என்று சில துறைகளில்தான் இதைக் காண்கிறோம். ஆட்டிசம் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இது இருக்காது, பெரும்பாலோருக்கு இல்லை.

1988இல் வந்த ‘ரெயின் மேன்’ படத்தின் நாயகன் உருவாகத் தூண்டுதலாக இருந்தவர் அமெரிக்கரான கிம் பீக். ஆயிரக்கணக்கான புத்தகங்கள் அவருக்கு மனப்பாடம். ஆனால் சட்டைப் பொத்தான் போட அவரால் முடியாது. கடைசிவரை தந்தைதான் உடனிருந்து கவனித்துக்கொண்டார். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றை பிறவியிலேயே அவருக்கு இல்லை. அவருக்கு இருந்தது ஆட்டிசம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். படம் பார்த்த பலர் ஆட்டிசமும் சவான்ட் சின்ட்ரோமும் ஒன்றே என்று நம்பிவிட்டார்கள்.

உங்கள் பிள்ளை செய்வது மந்திரமல்ல. 1901 முதல் 2099 வரை நம் நாள்காட்டி 28 ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்படியே திரும்பி வருகிறது. இப்படிப்பட்ட ஒழுங்குகளை யாரும் சொல்லித்தராமலே இந்தக் குழந்தைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

வந்தவர்கள் முன்னால் அவனை நிறுத்திக் கேள்வி கேட்பதை இன்றே விட்டுவிடுங்கள். அவனாக விரும்பிச் சொன்னால் கேட்டு மகிழுங்கள். கைதட்டல் அவனுக்குப் பசியைச் சொல்லக் கற்றுத்தராது. அந்தத் திறமையோ, கற்றுத்தர உதவும். லண்டன் ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷயர் சிறுவயதில் பேசாமலே இருந்தார். வரைவது மட்டும்தான் அவருக்கு உலகம். ஆசிரியர்கள் அவருடைய வரைபொருள்களைச் சிறிதுநேரம் எடுத்துவைத்து, அவராகக் கேட்கும்படி செய்தார்கள். அவர் பேசிய முதல் சொல் ‘பேப்பர்’. பின்னாளில் ஹெலிகாப்டரிலிருந்து ஒருமுறை பார்த்த டோக்கியோ நகரைப் பத்து மீட்டர் நீளத்துக்கு நினைவிலிருந்தே வரைந்தார்.

பொருளை எடுத்துவைக்கும் வேலையை நீங்களாகச் செய்ய வேண்டாம். பேச்சுப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். வீட்டில் ஒரு பெரிய நாள்காட்டியை மாட்டி, அன்றன்று அவன் செய்யவேண்டியதை அந்தந்தக் கட்டத்தில் படமாக ஒட்டுங்கள். சாப்பாட்டுப் படத்தைத் தொட்டால் சோறு வரும் என்று அவனுக்குப் பழக்குங்கள். சொல் பிறகு வரலாம்; வராவிட்டாலும் பசி என்பதை உங்களுக்குத் தெரிவிக்க அவனுக்கு ஒரு வழி கிடைத்துவிடும்.