பிளஸ் ஒன் எகனாமிக்ஸ் இனி வேண்டாமா?

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, சேலம் என அட்மிஷன் பேச்சு நடக்கும் இடமெல்லாம் ஒரு வதந்தி உலா வருகிறது. “பிளஸ் ஒன்னுக்குத்தான் பப்ளிக் இல்லீங்களே, எகனாமிக்ஸ் புக்கை எதுக்குங்க தொடணும்? ஜூன்லயே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பிச்சா ரெண்டு ரிவிஷன் முடிச்சரலாம்.” பெற்றோர் சொன்னால் அறியாமை என்று விட்டுவிடலாம். பாடம் நடத்த வேண்டியவர்களே சொல்வதை எந்தக் கணக்கில் எழுதுவது?

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை என்றது. போனது பொதுத்தேர்வு மட்டுமே. பாடமும் புத்தகமும் பள்ளி அளவிலான தேர்வும் அப்படியே இருக்கின்றன. பொதுத்தேர்வு வந்த கதையும் இந்த வட்டாரத்துக்குத் தெரியாததல்ல. பிளஸ் ஒன் பாடத்தைப் பெயருக்கு நடத்திவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூவையே அரைத்த பழக்கத்தை நிறுத்தத்தான் 2017-ல் அரசு அந்தத் தேர்வை அறிவித்தது. முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. தேர்வு போனதும் பழைய பழக்கத்துக்கே திரும்புவோம் என்பது, போலீஸ்காரர் நகர்ந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றுகிற புத்தி.

தாண்டிக் குதிக்கச் சொல்லும் அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது? முதல் ஆறு பாடங்களும் நுண்ணினப் பொருளியல்: அறிமுகம், நுகர்வு, உற்பத்தி, செலவும் வருவாயும், அங்காடி வகைகள், பகிர்வு. அமெரிக்காவில் கல்லூரி முதலாண்டுத் தரத்தில் ஒரு பாடத்தைப் பள்ளியிலேயே படித்து, கட்டணம் கட்டி ‘ஏ.பி. மைக்ரோ எகனாமிக்ஸ்’ தேர்வு எழுதுகிறார்களே, அதன் பெரும்பகுதி இதே சரக்குதான். அங்கே பணம் கட்டிப் படிப்பதை, இங்கே கையில் வைத்துக்கொண்டே மூடச் சொல்கிறோம்.

‘கதைப் பாடம்தானே, கடைசி நேரத்தில் படித்துக்கொள்ளலாம்’ என்பவர்களுக்கு நாமக்கல் முட்டையில் ஒரு கணக்கு. ஒரு முட்டைக்கு ஆகும் செலவு 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் தீவனம், மருந்து, கூலிக்கு 4 ரூபாய். ஷெட், கூண்டு, பேங்க் வட்டிக்கு 1 ரூபாய். கொள்முதல் விலை 4.40-க்கு இறங்கிவிட்டது. பண்ணையை மூடுவதா, ஓட்டுவதா? ஓட்டினால் முட்டைக்கு 60 பைசா நஷ்டம். மூடினால் கோழி இல்லாவிட்டாலும் ஷெட்டும் வட்டியும் போகாது. நஷ்டம் 1 ரூபாய். ஆகவே ஓட்ட வேண்டும். விலை 4 ரூபாய்க்கும் கீழே போனால்தான் மூடுகிற யோசனைக்கே இடம். மாறும் செலவு, மாறாச் செலவு என்று நான்காம் பாடம் சொல்லித் தருவது இதைத்தான். மனப்பாடம் செய்த பிள்ளை விளக்கத்தை ஒப்பிக்கும், விலையை 3.90 என்று மாற்றிக் கேட்டால் முழிக்கும்.

பிளஸ் டூவில் மட்டும் தப்பித்துவிட முடியுமா? அங்கே வருவது பேரினப் பொருளியல். தேவைக் கோடும் இறுதிநிலைக் கணக்கும் புரியாதவருக்கு மொத்தத் தேவையும் இறுதிநிலை நுகர்வு விருப்பும் வெறும் எழுத்துக்கூட்டம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சியூஇடி நுழைவுத் தேர்வின் பொருளியல் தாளும் நுண்ணினப் பகுதியிலிருந்து கேட்கிறது. பப்ளிக் இல்லாத பாடம் என்று அது விட்டுவிடாது.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

‘எகனாமிக்ஸ் கணக்கு வராதவங்க குரூப்.’ பிளஸ் ஒன் புத்தகத்தின் கடைசிப் பாடத்தைத் திறந்து பாருங்கள். அணிகள், வகையீடு, தொகையீடு எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கின்றன.

‘முட்டை விலையை என்இசிசி (தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு) வைக்குது, தேவை அளிப்பெல்லாம் புக்கில்தான்.’ அறிவிப்பது என்இசிசி. ஆனால் புரட்டாசியில் வீடுகளில் முட்டை நின்றாலும் கோழி முட்டையிடுவதை நிறுத்தாது. ரொம்ப நாள் இருப்பு வைக்கவும் முடியாது. விலை இறங்கத்தான் செய்யும். அறிவித்த விலையிலிருந்து வியாபாரிகள் ‘மைனஸ்’ போட்டு வாங்குவது பண்ணைக்காரர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

‘ஏ.பி.யில் 5 எடுத்தால் அமெரிக்காவில் சீட் உறுதி.’ கிடையாது. 1 முதல் 5 வரை போடுவது மதிப்பெண் மட்டுமே. அதற்குச் சலுகை தருவதா என்பது அந்தந்தக் கல்லூரியின் முடிவு. கால்டெக் போன்ற இடங்களில் கிரெடிட்டே கிடையாது. ஏ.பி. மைக்ரோ தேர்வில் 70 நிமிடத்தில் 60 கொள்குறி வினா, பிறகு வரைபடம் போட்டு விளக்க வேண்டிய 3 வினா. இதுவும் மனப்பாடத்துக்கு மசியாது.

பிளஸ் ஒன் வகுப்பை நான்கு சுவருக்குள்ளேயே வைத்திருப்பது இந்த வட்டாரத்துக்குச் செய்யும் துரோகம். 1981-ல் தொடங்கிய, ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் சேலத்திலேயே இருக்கிறது. ஜவ்வரிசிக்கு அங்கே கிடைக்கும் விலைதான் குச்சிக்கிழங்குக் காட்டுக்கு வந்து சேர்கிறது. மக்காச்சோள ஸ்டார்ச் மலிந்தால் கிழங்கு விலை சரிகிறது. வடக்கே விரதக் காலம் வந்தால் ஜவ்வரிசி கேட்கிறார்கள். பதிலிப் பண்டத்துக்கும் பெறப்பட்ட தேவைக்கும் இதைவிட நல்ல பாடம் எந்த ஊர்ப் பள்ளிக்குக் கிடைக்கும்? வருஷத்துக்கு ஒரு நாள் பிள்ளைகளை அங்கேயும் ஒரு கோழிப்பண்ணைக்கும் கூட்டிப்போனால் ரிசல்ட் ஒன்றும் குறைந்துவிடாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஃபீஸ் கட்டும் முன் பிளஸ் ஒன் டைம்டேபிளைக் கேட்டு வாங்குங்கள். எகனாமிக்ஸுக்கு வாரம் எத்தனை பீரியட், முதல் ஆறு பாடங்கள் எந்த மாதம் முடியும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் அடுத்த பள்ளிக்கு நடையைக் கட்டுங்கள்.