இஸ்தோப்பில் ஜெனரேட்டர் வேண்டாம்



2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மாத்தளை மாவட்டத்தில் மண்சரிவும் வெள்ளமும். பல இடங்களில் நாட்கணக்கில் இருட்டுத்தான். இப்போது நாலந்தா பக்கத்து லயங்களில் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து பணம் போட்டுச் சின்ன ஜெனரேட்டர் வாங்குவதைப் பார்க்கிறோம். பெட்ரோலிலும் ஓடும், சமையல் காஸிலும் ஓடும் என்று விற்கிறார்களே, அதுதான். நல்ல சாமான்தான். ஆனால் அதை எங்கே வைக்கிறீங்க என்பதில் உயிர் இருக்கிறது.

மழையில் நனையும், ராத்திரியில் யாராவது தூக்கிப் போயிருவாங்க என்று பயந்து பலர் இஸ்தோப்பிலேயே வைக்கிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனாலும் கூடாது. எஞ்சின் புகையில் கார்பன் மொனொக்சைட் என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசமில்லை. மூச்சோடு உள்ளே போய், ரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். காஸில் ஓட்டினால் கறுப்புப் புகை வராது, அதனால் பயமில்லை என்று சிலர் சொல்றாங்க. தவறு. காஸில் ஓடும்போதும் அந்த விஷவாயு வரும்.

நம்ம லயத்தில் இன்னொரு விஷயம் உண்டு. பல காம்பராக்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாது. நீங்க ஓட்டுகிற ஜெனரேட்டர் புகை பக்கத்துக் காம்பராவில் தொட்டிலில் தூங்குகிற பிள்ளைக்குப் போகும். கதவைத் திறந்து வைத்தாலும் போதாது.

ஆகவே லயத்தை விட்டுக் குறைந்தது 20 அடி தள்ளி வையுங்க. சைலன்சர் வாய் எந்த வீட்டுப் பக்கமும், மேட்டில் இருக்கும் அடுத்த லயத்துப் பக்கமும் திரும்பக்கூடாது. நாலு கம்பு நட்டு மேலே தகரம் போட்டால் மழைக்குப் போதும். பக்கங்களைத் தாட்டினால் மூடாதீங்க. களவுக்குப் பயமென்றால் சங்கிலி போட்டுப் பூட்டுங்க.

ஒரே வீட்டில் பலருக்கு ஒன்றாகத் தலைவலி, தலைச்சுற்று, வாந்தி வந்தால் சாப்பாட்டைச் சந்தேகப்படுவதற்கு முன் எல்லோரையும் வெளியே கொண்டு வாங்க. பிறகு 1990க்கு அடியுங்க. அம்புலன்சுக்குக் காசு இல்லை.

அடுத்தது காஸ். அது காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் கானிலும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும், ஒரு பொறி பட்டால் போதும். சிலிண்டரைக் கான் ஓரத்தில் வைக்காதீங்க. எப்போதும் நிமிர்த்தியே வையுங்க. பொருந்தாத ரெகுலேட்டரைக் கம்பி சுற்றி மாட்டுவது வேண்டாம். சவர்க்கார நுரை பூசிப் பாருங்க, குமிழி வந்தால் கசிவு. சின்னச் சிலிண்டரில் நிறைய நேரம் ஓட்டினால் வெளியே பனி பிடித்து எஞ்சின் இருமும். அதற்காகச் சுடுதண்ணி ஊற்றவோ அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவோ வேண்டாம். நிறுத்தி ஆற விடுங்க.

பெட்ரோலுக்கு மாற்றுகிறபோதும் முதலில் எஞ்சினை நிறுத்தி, சிலிண்டர் வால்வை மூடணும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றவே கூடாது, கால் மணித்தியாலமாவது பொறுங்க. மிச்சப் பெட்ரோலைச் சோடாப் போத்தலில் அடைத்துக் குசினியில் வைக்கும் பழக்கமும் வேண்டாம். பிள்ளைகள் தண்ணி என்று எடுப்பார்கள்.

இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் சுவர்ப் பிளக்கில் கரண்டை ஏற்றுகிறார்கள். இது மிகவும் மோசமான வேலை. அந்தக் கரண்ட் லைன் வழியாக வெளியே போய், டிரான்ஸ்போமரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகக் கூடும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன் வேலைத் தம்பி அதைத்தான் தொடுவார். வீட்டு வயரிங்கோடு இணைக்க வேண்டுமென்றால் லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடட்டும். இல்லாவிட்டால் பல்பையும் போன் சார்ஜரையும் ஜெனரேட்டரிலேயே நேராக மாட்டுங்க. காஸில் ஓடும்போது பெட்ரோலை விடச் சக்தி கொஞ்சம் குறையும். கேத்தல், அயன் எல்லாம் அன்றைக்கு ஓய்வு எடுக்கட்டும்.