நொதியும் நடுநிலைப் பொருளும்: யூரியாவைக் கொண்டு ஒரு பாடம்

மண் பரிசோதனைச் சீட்டில் ‘நடுநிலை’ என்றும், வைத்தியசாலையின் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘நொதி’ என்றும் எழுதியிருப்பதை மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் பார்த்திருக்கலாம். இவ்விரு சொற்களின் பொருளைச் சரிவர அறியாமையால் உரப் பணமும், சில வேளைகளில் மாடும் நஷ்டமாகின்றன. ஆகையால் யாவரும் கையாளும் யூரியாவையே உதாரணமாகக் கொண்டு அவற்றை இங்கே விளக்குவோம்.

நடுநிலைப் பொருள்: புளி, எலுமிச்சை முதலியவை அமிலத் தன்மையுடையன. சுண்ணாம்பு, சாம்பல் முதலியவை காரத் தன்மையுடையன. இரண்டிலும் சேராதது நடுநிலைப் பொருள். தூய நீரும் சர்க்கரைக் கரைசலும் அத்தகையன, யூரியாவும் அவ்வாறே. ஆனால் நடுநிலை என்றால் தீங்கற்றது என்றோ, என்றும் மாறாதது என்றோ பொருளன்று. அதனை மாற்றவல்லது நொதி.

நொதி: உயிருள்ளவற்றில் உண்டாகி, ஒரு பொருள் வேறொன்றாக மாறுவதை விரைவுபடுத்தி, தான் அதில் செலவாகாமல் நிற்பதே நொதி. முளைகட்டிய கேழ்வரகின் மாவு இனிப்பது நொதியின் வேலையால்தான். ஒவ்வொரு நொதிக்கும் தனித் தொழில் உண்டு. அது எதன்மேல் வேலை செய்கிறதோ அதன் பெயரோடு ‘ஏஸ்’ என்னும் ஈறு சேர்த்து வழங்குவது பெருவழக்கு. யூரியாவைச் சிதைப்பது யூரியேஸ். மாவுச்சத்தைச் சிதைப்பது அமைலேஸ். கொழுப்பைச் சிதைப்பது லைப்பேஸ்.

1926-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் சம்னர், நம் வாளவரைக்கு நெருங்கிய இனமான ஓர் அவரையின் மாவிலிருந்து யூரியேஸைப் படிகமாகப் பிரித்து, அது புரதமே என்று காட்டினார். இதற்காக 1946-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பெயரில் மட்டும் மந்தையைக் கொண்டுள்ள சென்னை மந்தைவெளியில் ஒருவர் தம் இரத்தத்தின் யூரியா அளவைப் பார்த்தாலும், சோதனைச்சாலையில் பெரும்பாலும் உதவுவது இந்நொதியே. நம் வயல் மண்ணிலும் மாட்டின் இரைப்பையிலும் இருப்பது இதே வகை நொதிதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை: இரண்டு குவளை நீரில் ஒவ்வொரு கரண்டி யூரியாவைக் கரைக்கவும். ஒன்றில் பச்சைச் சோயா மொச்சை மாவைக் கலக்கவும். மற்றொன்றில் அதே மாவை நீரில் நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறிய பின் கலக்கவும். சுமார் ஒரு மணி நேரம் கழித்து மஞ்சள் தோய்த்த துணித்துண்டை இரண்டிலும் நனைக்கவும். முதற்குவளையில் ஆரத்தி நீரைப்போல் மஞ்சள் சிவக்கும். அம்மோனியா நெடியும் வீசும். நடுநிலைப் பொருள் காரமாகிவிட்டது என்பதற்கு இது சான்று. இரண்டாவதில் மாற்றமிராது; கொதியினால் நொதி கெட்டுவிட்டது. சோதனை முடிந்ததும் நீரைக் குழந்தைகளுக்கும் மாடுகளுக்கும் எட்டாமல் கொட்டிவிடவும்.

வயலில் நடப்பது: 45 கிலோ மூட்டையில் நைட்ரஜன் 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ உண்டு. மண்ணிலுள்ள யூரியேஸ் சில நாட்களுக்குள் யூரியாவை அம்மோனியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. உரம் மண்ணின் மேலேயே கிடந்தால் அம்மோனியா காற்றோடு போய்விடும். 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது. இப்பூச்சு முக்கியமாக அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதிக்கச் செய்யும். அம்மோனியா காற்றில் பறப்பதைத் தடுக்க அதனையே நம்பியிருத்தல் கூடாது. ஆகவே:

1. நெல்லுக்கு மேலுரம் இடுமுன் நீரை வடிக்கவும். உரமிட்டுச் சேற்றில் கலக்கிவிட்டு, ஓரிரு நாள் கழித்து நீர் கட்டவும்.
2. தோட்டக்கால் பயிருக்கு வரிசையோரம் இட்டு மண்ணால் மூடி, உடனே நீர் பாய்ச்சவும். விதையைத் தொடும்படி இடலாகாது.
3. சுண்ணாம்புடனும் சாம்பலுடனும் கலக்கலாகாது.
4. யூரியா 5, ஜிப்சம் 4, வேப்பம்பிண்ணாக்கு 1 என்னும் வீதத்தில் கலந்து, ஓர் இரவு வைத்திருந்து இடுவது நலம்.

மாடுகளுக்கு எச்சரிக்கை: மாட்டின் இரைப்பைக் கிருமிகளிடம் யூரியேஸ் மிகுதி. யூரியா கரைந்த நீரைக் குடித்தாலோ, கிழிந்த மூட்டையை நக்கினாலோ, அம்மோனியா விரைவில் இரத்தத்தில் ஏறும். வயிறு உப்புதல், நடுக்கம், வாயில் நுரை ஆகியவை தோன்றும். சில மணி நேரத்தில் உயிரே போகலாம். தாமதியாமல் கால்நடை மருத்துவரை அழைக்கவும். வைக்கோலைப் பதப்படுத்துவோர் 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்து ஒரே சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்து, ஆறவிட்ட பின்னரே தீவனமாக இடவேண்டும். இளங்கன்றுகளுக்கு இதனைக் கொடுத்தல் கூடாது.

கிராம அதிகாரிகள் உர விநியோக காலத்தில் மேற்கண்ட குறிப்புகளைக் குடியானவர்களுக்குப் படித்துக் காட்டுவார்களானால், உரம் பயிருக்குச் சேரும், மாடும் பிழைக்கும்.