முதலில் யாரிடம் பேசுவது?

பக்கத்து ஃபிளாட்டில் வேலை செய்யும் பெண்ணை அடிக்கிறார்கள் என்று தெரிந்ததும், நேராகப் போய் அந்த வீட்டுக்காரரிடம் கேட்டுவிடத்தான் மனம் துடிக்கும். வேண்டாம். வீட்டோடு தங்கி வேலை செய்பவர் என்றால் அவருடைய ஃபோன், ஆதார், சம்பளம் எல்லாம் பெரும்பாலும் முதலாளியின் பிடியில்தான். நீங்கள் கேட்ட அன்றே அவரை வேறு வீட்டுக்கு மாற்றிவிடலாம். நகையைக் காணோம் என்று அவர்மேலேயே புகார் கொடுக்கலாம். காலையில் வந்து போகிறவருக்குச் சம்பளத்தை இழுத்தடிக்கிறார்கள் என்ற அளவில் இருந்தால் பேசிப் பார்க்கலாம், அதுவும் அவர் சம்மதித்தால். தமிழ்நாட்டில் வீட்டு வேலைக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. தொழிலாளர் துறையிடமும் சங்கத்திடமும் போக வழி இருக்கிறது.

முதலில் பேச வேண்டியது அந்தப் பெண்ணிடம். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, தனியாக. போலீஸ் என்ற சொல்லை எடுத்ததுமே பயந்துவிடுவார். "சாப்பிட்டியாம்மா? கடைசியா ஊருக்கு எப்போ போனே? அம்மா நம்பர் ஞாபகம் இருக்கா?" இந்தப் பதில்களிலேயே பாதி விஷயம் விளங்கிவிடும். 2024 ஜனவரியில் சென்னையை உலுக்கிய புகார் ஒன்று, வீட்டு வேலை செய்த இளம்பெண் பொங்கலுக்கு ஊருக்குப் போன பிறகுதான் வெளியே வந்தது. ஊரில் இருப்பவர்களுக்குத் தகவல் போவது அவ்வளவு முக்கியம்.

பதினெட்டு வயது ஆகாதவர் போலத் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். வயதுச் சான்றெல்லாம் நீங்கள் தேட வேண்டியதில்லை. பதினான்குக்குக் கீழே என்றால், அடி உதை இல்லாவிட்டாலும் வேலைக்கு வைத்ததே குற்றம்.

வயது வந்தவர் என்றால் முடிவு அவருடையது. பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தால் ஆலோசனையும் தங்குமிடத்துக்கு வழியும் கிடைக்கும்; கிளம்பத் தயங்குகிறவருக்கு இதுதான் பொருந்தும். ஆனால் அலறல் கேட்கும்போது அவர் சம்மதத்துக்குக் காத்திருக்கக் கூடாது, அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். "ரொம்ப நாளா கொடுமை பண்றாங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "இப்போ அலறல் கேட்குது, மூணாவது மாடி, இந்தக் கதவு எண்" என்று சொல்லுங்கள். முன்பணத்தைக் காட்டி வெளியே விடாமல் வைத்திருந்தால் அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ மனு கொடுக்கலாம். பாலியல் தொல்லை என்றால் காவல் நிலையத்தோடு, மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவும் உண்டு. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணியாளரையும் சேர்த்தே சொல்கிறது.

குடியிருப்போர் சங்கத்தை நான் நம்பச் சொல்ல மாட்டேன். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் வீட்டுக்காரர்கள். ஆனால் கேட் பதிவேடும் சிசிடிவி பதிவும் அவர்களிடம்தான் இருக்கின்றன. மாதக்கணக்கில் அந்தப் பெண் வெளியே போகவே இல்லை என்பதை அவை காட்டிவிடும். சிசிடிவி பதிவு சில வாரங்களில் அழிந்துபோகும். அதை உடனே எடுத்து வைக்கும்படி போலீசிடம் சொல்லுங்கள்.

அவரை மீட்டு அழைத்துப் போகும் அன்றே ஆதார், ஃபோன், துணிமணி, சம்பள பாக்கி நான்கையும் போலீஸ் முன்னிலையில் கேட்டு வாங்கிவிட வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்காக அவர் அந்த வீட்டுப் படியைத் தனியாக ஏற வேண்டியிருக்கும்.