விழுங்கியது ஒன்று, வேலை செய்வது வேறொன்று

நம்பிக்கை: விழுங்கிய மருந்துதான் உடம்புக்குள் வேலை செய்கிறது, முடிந்ததும் அப்படியே சிறுநீரில் போய்விடுகிறது.

உண்மை: நாம் அடிக்கடி போடும் பாராசிட்டமாலின் வரலாறே இதற்கு மறுப்பு. 1886 முதல் ஐரோப்பாவில் காய்ச்சலுக்கும் வலிக்கும் அசிட்டனிலைடு என்ற மருந்தைக் கொடுத்தார்கள். காய்ச்சல் தணிந்தது, சிலருக்கு உதடும் நகமும் நீலம் பாரித்தன. நியூயார்க்கில் கோல்ட்வாட்டர் நினைவு மருத்துவமனையில் பெர்னார்டு பிராடியும் ஜூலியஸ் ஆக்சல்ராடும், அந்த மருந்து உடம்புக்குள் போய் என்னவாகிறது என்று தேடினார்கள். விடை 1948இல் வெளிவந்தது. சிறு பங்கு அனிலினாக மாறி ரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுக்கிறது. பெரும்பங்கு மாறுவது பாராசிட்டமாலாக. வலியைத் தணித்தது அதுதான். 1893இலேயே ஜெர்மனியில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து ஒதுக்கிவைத்த பொருள் அது! ஆக்சல்ராடிடம் அப்போது டாக்டர் பட்டம்கூட இல்லை. 1970இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு வேறு ஆய்வுக்கு. ஆனாலும் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தது இந்த வேலைதான் என்பேன்.

நம்பிக்கை: பாராசிட்டமால் சாதுவான மருந்து. காய்ச்சல் இறங்காவிட்டால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

உண்மை: அளவுக்குள் இருக்கும்வரை சாதுதான். கல்லீரல் அதன் பெரும்பகுதியைக் குளுகுரோனிக் அமிலத்தோடும் சல்ஃபேட்டோடும் இணைத்து, நீரில் கரைய வைத்து வெளியேற்றிவிடுகிறது. நூற்றில் 5 முதல் 10 பங்கு மட்டும் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிகளிடம் சிக்கி, கொடிய நச்சாக மாறுகிறது. அந்த நச்சைக் குளுட்டத்தயோன் என்ற பொருள் உடனுக்குடன் பிடித்துச் செயலிழக்க வைக்கிறது. மாத்திரை கூடும்போது நச்சும் கூடும், குளுட்டத்தயோன் கரையும். அதன் இருப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனால், நச்சு கல்லீரல் செல்களின் புரதங்களில் ஒட்டிக்கொண்டு செல்களைக் கொல்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜெர்ரி மிட்செல், ஜேம்ஸ் கில்லெட் குழுவினர் 1973இல் சுண்டெலிகளில் இதைப் படிப்படியாகக் காட்டினார்கள்.

நாள்தோறும் குடிப்பவருக்கும், வாய் கசந்து கஞ்சிகூட இறங்காமல் படுத்திருப்பவருக்கும் குளுட்டத்தயோன் இருப்பு ஏற்கெனவே குறைந்திருக்கலாம். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் உச்ச அளவு 4 கிராம். 650 மில்லிகிராம் மாத்திரையில் ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். எனக்குப் பெரும் கவலை தருவது தெரியாமல் கூடும் அளவுதான். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்புவலிக்கு ஒன்று என்று மருந்துக் கடையில் வாங்கிவருகிறோம். அட்டையின் பின்புறப் பொடி எழுத்தைப் படித்தால் மூன்றிலுமே பாராசிட்டமால் இருக்கக்கூடும். குழந்தைகளுக்கோ எடை பார்த்துத்தான் அளவு. பெரியவர் மாத்திரையைக் குத்துமதிப்பாக உடைத்துக் கொடுக்கவே கூடாது.

நம்பிக்கை: ஈரல் கெட்டால் உடனே தெரிந்துவிடும்.

உண்மை: தெரியாது. முதல் நாள் குமட்டல், சோர்வு இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் போகலாம். பாதிப்பு வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். குளுட்டத்தயோனை மீண்டும் ஊறச் செய்யும் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்தோ, மாத்திரை விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் மிக நன்றாகக் காக்கும். அதனால் அளவு மீறியது தெரிந்தால், ஆள் தெம்பாக எழுந்து நடமாடினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எத்தனை மணிக்கு எத்தனை மாத்திரை என்று மருத்துவர் கேட்பார். காலி அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.